மேசையில் இடமில்லாத படம்

எண்பதுகளின் கடைசி நவம்பரில், சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் முதல் தடவையாக மண்டபம் எடுத்து, ஈழத்தில் போராடி விழுந்த இயக்கப் பெடியளின் நினைவுநாளை வைத்தார்கள். அந்த நாளின் கருத்தையும் தொடக்கத்தையும் சுவிஸ்காரருக்காக ஜெர்மனில் எழுதிக் கொடுத்தவன் நான். வந்து இரண்டு வருடத்தில் அந்த மொழியைப் பிடித்துவிட்டேன். யாராவது எதையாவது எழுதக் கேட்கமாட்டார்களா என்று கை துருதுருத்த காலம்.

கேட்டவர் இயக்கத்தின் சார்பில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த அண்ணை. நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, வெள்ளையளுக்கு விளங்கிறமாதிரி ஒரு பக்கம் எழுதித் தாரும். நீர் அகராதியை விழுங்கின ஆள்தானே!"

"ஒரு பக்கம் காணாதண்ணை. ரண்டு எழுதட்டோ?"

"எழுதும், எழுதும். பரிசு ஒண்டும் கிடையாது, கண்டீரோ."

எனக்குப் பரிசு தேவையில்லை. அன்று மேசையில் வைக்கப்போகும் விழுந்தவர்களின் படங்களோடு என் அண்ணனின் படத்தையும் வைக்கவேண்டும், அவ்வளவுதான். அவனும் துவக்கோடு போனவன். ஆனால் வேறு இயக்கம். அவனைச் சுட்டது இராணுவமில்லை, இந்த நாளை வைக்கும் எங்கள் இயக்கப் பெடியள்தான். உடலைத் தரவில்லை. சத்தம்போட்டு அழக்கூடாது என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா எட்டாம் நாள் படைக்கும் எட்டுச்செலவு கூடச் செய்யவில்லை. இங்கேயாவது அவனுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூ. அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பவென்று கமரா ஒன்றும் இரவல் வாங்கி, ஃபிலிமும் போட்டு வைத்திருந்தேன்.

கட்டுரைக்காக, இந்த ஊர்க்காரர் உலகப்போரை எப்படி நினைவுகூருகிறார்கள் என்று உணவகத்தின் தலைமைச் சமையல்காரரைக் கேட்டேன். போரில் சேராத நாடுதான். ஆனாலும் அமெரிக்க விமானங்கள் ஜெர்மனி என்று நினைத்து இந்த நகரத்தின்மேல் குண்டு போட்டிருக்கின்றன. அவருடைய தாய் இறந்தது அதில்தான். அவர் அப்போது சின்னப் பையன்.

"நண்பர்கள் போட்ட குண்டு," என்றார், உருளைக்கிழங்கு சீவியபடி. "அதற்காக அம்மாவைச் செத்தவர்களின் கணக்கில் சேர்க்காமல் விடமுடியுமா?"

எனக்கு இதுவே போதுமாயிருந்தது. என் அண்ணனைப் பற்றி அவரிடம் சொன்னேன், நிகழ்ச்சிக்கும் அழைத்தேன். இயக்கத்தில் முதலில் விழுந்தவன் உயிர்விட்ட நாளே நினைவுநாளானது என்று கட்டுரையைத் தொடங்கி, யாருடைய கையால் இறந்தாலும் இறந்தவர் எல்லோருக்கும் உரிய நாள் இது என்று முடித்தேன். ஜெர்மன் வாசிக்கத் தெரியாத அண்ணை முதுகில் தட்டிப் பாராட்டி, இருநூறு பிரதி அடித்தார்.

நினைவுநாளன்று காலை, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை அவரிடம் நீட்டினேன்.

"ஆரிது?"

"என்ரை அண்ணன்."

"எந்த இயக்கம்?"

சொன்னேன். படத்தைக் குப்புறத் திருப்பித் தந்தார்.

"உதை உள்ளை வையும். இது துரோகியளின்ரை நாளில்லை."

"அண்ணை, அவனும் நாட்டுக்கெண்டுதானே போனவன்?"

"கதைக்காதையும். ஆக்கள் வருகினம். போய் வாசல்லை நிண்டு உம்மடை கட்டுரையைக் குடும்."

கொடுத்தேன். இன்றைக்கும் நெஞ்சை அரிப்பது அதுதான். படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறாமல், எல்லோருக்கும் உரிய நாள் என்று நானே எழுதிய தாளை, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து கொடுத்தேன். கோட்டுக்குள் சட்டத்தின் மூலை விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

சமையல்காரர் கறுப்புக் கோட்டோடும் ஒரு வெள்ளைப் பூவோடும் வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு பக்கத்தையும் வாசித்தார். கடைசிப் பந்தியில் தலையாட்டினார். என்னையும் இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

"உன் அண்ணன் எது?"

பக்கத்தில் பொறுப்பாளர் அண்ணை நின்றார். நான் இரண்டாம் வரிசையில் அரும்புமீசையோடு இருந்த யாரோ ஒரு பெடியனைக் காட்டினேன்.

அவர் குனிந்து பூவை அந்தப் படத்தின் முன்னால் வைத்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கண் உன்னுடையதேதான்," என்றார்.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"எல்லாம் வடிவாய் வைச்சிருக்கிறியளாம், அண்ணை."

அண்ணைக்குச் சந்தோஷம். அந்தப் பூவை ஒரு படமெடுக்கச் சொன்னார். கமராவில் ஃபிலிம் இல்லை என்றேன்.