மாப்பிள்ளையை அளந்த சங்கிலி

என் கையிலிருக்கும் குட்டி ஃபிலிம் கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் “ஓ, உளவாளி கேமராவா!” என்று கண்ணடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒளிந்து எடுக்க வேண்டுமென்றால் ஆளுக்கொரு போன் இருக்கிறதே, போதாதா? சுவிங்கம் பாக்கெட் அளவுள்ள இந்த உலோகத் துண்டுக்கு எவ்வளவு ஊழியம் செய்ய வேண்டும் தெரியுமா? இதற்கு ஃபிலிம் எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண ஃபிலிம் சுருளை வாங்கி, பாத்ரூம் கதவிடுக்கில் துணியடைத்து, இருட்டில் தடவித் தடவி நீளவாக்கில் கீறி, விரல்நுனி அளவு டப்பாவில் சுருட்டிப் போட வேண்டும். ஒவ்வொரு படமும் சுண்டுவிரல் நகத்தளவு. துளி மங்கினாலும் முகம் முகமாக இருக்காது. அதற்காகத்தான் கேமராவோடு ஒரு சங்கிலி. அதன் நுனியை எதிரில் இருப்பவரின் முகம்வரை இழுத்துப் பிடித்தால் சரியாக இரண்டடி. கேமராவில் தூரம் குறித்த வட்டையும் இரண்டடிக்குத் திருப்பி அமுக்கினால் கண்ணிமை முடிகூடத் தெரியும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேமரா அத்தையுடையது. அப்பாவின் தங்கை, வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. “அளக்காம அமுக்குன, கையை ஒடச்சிடுவேன்” என்பதுதான் எனக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அப்போது எனக்குப் பத்து வயது. அத்தையைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருவதாக இருந்தது. அன்று காலை என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“என்னைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்துக்கினு போவாங்க. நான் தலையக் குனிஞ்சிக்கினு காபித் தட்டையே பாத்துக்கினு இருக்கணும். அந்த ஆளு மூஞ்சிய நான் எப்பப் பாக்கறது? ஒண்ணே ஒண்ணு எடுடி. தெளிவா இருக்கணும்.”

அவள் சொன்னபடியேதான் நடந்தது. வந்தவர்கள் உட்கார்ந்த சூட்டிலேயே போன்களை எடுத்தார்கள். “கொஞ்சம் இப்டித் திரும்பும்மா.” “லைட்டுகிட்ட நில்லும்மா, கலர் தெரியட்டும்.” ஓர் அம்மாள் உடனே பெங்களூரில் யாருக்கோ அனுப்பி, அங்கிருந்து வந்த கருத்தைச் சத்தமாகப் படிக்கவும் செய்தார். அப்பாவும் அம்மாவும் பல் தெரிய நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை.

நான் நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்றேன். ஜன்னலோர நாற்காலி, நல்ல வெளிச்சம். கேமராவை இழுத்துத் திறந்து, சங்கிலியை அவர் முகத்துக்கு நீட்டினேன். எனக்குப் பின்னால் அத்தை தட்டோடு நின்றிருந்தாள்.

“இன்னா பாப்பா இது?”

“ரெண்டடி. கண்ணுக்கு நேரா வெக்கணும்.”

“குத்திடப் போற. குடு, நானே புடிக்கறேன்.” நுனியை வாங்கிக் கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டார். “பேசலாமா?”

“ஆடக் கூடாது.”

அப்புறம் சங்கிலியை விடச் சொன்னேன். விட்டார். அமுக்கினேன்.

“இன்னாங்க இது!” என்று எழுந்துவிட்டார் அவருடைய அம்மா. “என் புள்ளைக்கு அளவு எடுக்கறீங்க? சட்டை தைக்கவா, பாடை கட்டவா?”

“கொழந்தைங்க, தெரியாம...” என்று அப்பா கும்பிடாத குறையாகக் குழைந்தார்.

தெரியாமலா? எனக்கா? “தெரிஞ்சிதான் எடுத்தேன். அத்தைதான் எடுக்கச் சொன்னாங்க” என்றேன்.

“ஓ, பொண்ணு சொல்லிச்சா! இப்பவே ஆம்பளைய போட்டோ புடிச்சி வெச்சிக்குதா?”

“அம்மா, அதுல இன்னா...” என்று மாப்பிள்ளை தொடங்கினார். அவருடைய மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், வாக்கியம் முடியவில்லை. கேசரி தட்டிலேயே இருக்க, கார் கிளம்பிவிட்டது. சாயங்காலம் போன் வந்தது: ஜாதகம் கொஞ்சம் இடிக்கிறதாம். அவர்கள் எடுத்த படங்கள் இருபதுக்குக் குறையாது. நாங்கள் எடுத்தது ஒன்று. அந்த ஒன்றுதான் இடித்தது! வீட்டில் ஒரு வாரம் என்னைக் காரியத்தைக் கெடுத்தவள் என்று ஏசினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அடுத்த ஞாயிறு அத்தை ஃபிலிமைக் கழுவினாள். ஈரம் சொட்டும் நாடாவை ஜன்னலுக்கு நேராகத் தூக்கி, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“ஷார்ப்பா இருக்கா?”

“ம்.”

“இமை தெரியுதா?”

“தெரியுது.” பிறகு கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டாள்: “சிரிச்சிருக்காரே. அவரா சிரிச்சாரா, நீ சிரிக்கச் சொன்னியா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அளவு அவ்வளவு கச்சிதம், இவள் சிரிப்பைப் பற்றிக் கேட்கிறாள்! அவர் என்னைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை. என் தலைக்கு மேலே, பின்னால் தட்டோடு தலைகுனிந்து நின்ற இவளைப் பார்த்துத்தான் சிரித்தார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாகத் திட்டு வாங்கியவள் நான். அந்த நகத்தளவுப் படத்தின் பெருமையில் ஒரு துளியையும் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

“நான்தான் சிரிக்கச் சொன்னேன்” என்றேன்.

“அப்டியா” என்றாள் அத்தை. பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டாள்.

அந்த ‘அப்டியா’வை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.