சிறுத்தைக்கு ஊதிய பாட்டு

கொட்டகலைக் கடைவீதியில் பழைய போன் கவர்களும் டோர்ச்சும் விற்கிற ஒருவரிடம் அந்த மவுத் ஓர்கனை வாங்கினேன். வாங்கப் போனது டோர்ச். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் படிகளில் விளக்கு இல்லை. டோர்ச்சுக்குப் பக்கத்தில் இது கிடந்தது. எடுத்து ஒரு ஊது ஊதிப் பார்த்தேன். "வாய வச்சிட்டீங்க, இனி இத வேற யாருகிட்ட விக்கிறது?" என்றார் கடைக்காரர். நியாயம்தான். டோர்ச் இல்லாமலே படியேறி வந்தேன்.

அப்போது நான் அக்காவின் லயத்து அறையில் இருந்தேன். அவளும் அத்தானும் பிள்ளைகளோடு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்தால் தோட்டத்து ஒபிஸில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். "நீ எங்கயாச்சும் சுத்திக்கிட்டுதானே இருக்க, கொஞ்ச நாள் அங்க போயி சுத்து" என்றாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புறக்கோட்டையில் சாப்பாட்டுக் கடை, வத்தளையில் டயர் ஒட்டும் இடம், வலப்பனையில் மரக்கறி லொறி என்று திரிந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் நாலைந்து பேரோடு நெருக்கியடித்துப் படுத்துத்தான் பழக்கம். ஒரு அறையில் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டக் கூப்பிட்டால் போவேன். கூப்பிடாத நாட்களில் பேச ஆள் கிடையாது. சாயங்காலம் கடையில் இராச் சாப்பாட்டுக்குப் பாண் கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

அட்டன் பஸ்ஸில் காலையில் தவறாமல் போடுகிற ஒரு பழைய சினிமாப் பாட்டு உண்டு. அதை முழுசாக வாசிக்க வேண்டும், யாராவது ஒருவர் கேட்டுவிட்டு இன்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அது அவ்வளவு லேசில்லை. ஊதினால் ஒரு சத்தம், இழுத்தால் இன்னொரு சத்தம். ஒரு துளையில் வாயை வைத்தால் பக்கத்துத் துளைகளும் சேர்ந்துகொண்டு மூன்றும் ஒன்றாகக் கத்தும். குளிரில் உதடு வெடித்திருந்ததால் தகரம் பட்ட இடமெல்லாம் எரிந்தது. போனில் பாடம் பார்க்கலாமென்றால் மேல் ரோட்டுப் பாலத்தடியில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே நின்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, அறைக்கு இறங்கி வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"தம்பி, ஆட்டுக்கு என்ன செய்யிது?"

"ஆடு இல்லண்ணே. பழகுறேன்."

"பழகுங்க, பழகுங்க. ஆனா புள்ள தூங்குது. மலைப்பக்கம் போயி பழகுங்களேன்."

எங்கள் பக்கம் தேயிலை நிற்கிற இடத்துக்கே மலை என்றுதான் பேர். மறுநாள் விடிந்ததும் மேல் மலைக்கு ஏறினேன். உச்சியில் ஒரு கல் இருக்கிறது. மவுத் ஓர்கனைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினால்தான் சத்தம் ஒழுங்காக வரும். அதற்குள் மூட்டம் கொஞ்சம் விலகிவிடும்.

அந்த வாரம்தான் சிறுத்தைப் பேச்சு கிளம்பியது. இரண்டு நாய்களைக் காணவில்லை. மேல் மலையில் செடிக்கடியில் வாலைப் பார்த்ததாகக் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா சத்தியம் செய்தார். சத்தம் போட்டு விரட்டாமல் செடிக்குள் இறங்கமாட்டோம் என்று பெண்கள் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். கோயிலில் மிஞ்சிய பட்டாசைக் கொண்டுவந்தார் கங்காணி. ஈரத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. இதெல்லாம் தெரியாமல் நான் மேலே கல்லில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து சிரிப்புக் கேட்டது.

"அய்யோ, இதக் கேட்டா சிறுத்த மட்டுமா, தொரையே பங்களாவ விட்டு ஓடிருவாரு!" வாலைப் பார்த்த அக்காதான்.

கங்காணி கையைக் குவித்துக் கூப்பிட்டார். "தம்பி, அப்புடியே ஊதிக்கிட்டு செடிக்குள்ள ஒரு சுத்து வாங்க. நிப்பாட்டிறாதீங்க!"

ஊதிக்கொண்டே சுற்றி வந்தேன். சிறுத்தை எதுவும் எழும்பவில்லை. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாளிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து அவர்கள் வருமுன்பே நான் மலையில் இருப்பேன். முதலில் நான் ஒரு சுற்று, பிறகு அவர்கள். தேத்தண்ணி நேரத்தில் கூப்பிட்டு ரொட்டியும் சம்பலும் தருவார்கள். "பாண்ட் மாஸ்டர் வந்துட்டாரு" என்று கேலி செய்வார்கள். சாயங்காலம் பாண் கேட்கும்போது குரல் சரியாகவே இருந்தது.

அவர்கள் வேலையில் இருக்கும்போது நான் கல்லுக்குப் போய்ப் பாட்டைப் பழகுவேன். உதட்டைக் குவித்து ஒரு துளையை மட்டும் பிடிக்க வந்தது. முதலடி வந்தது, இரண்டாமடி வந்தது. நடுவில் ஒரு இழுப்பு மட்டும் நழுவிக்கொண்டே இருந்து கடைசியில் அதுவும் வசப்பட்டது. ஒரு காலையில் சுற்று வரும்போதே அந்தப் பாட்டை வாசித்தேன். ஒற்றைத் துளையில் வாசித்தால் சத்தம் மெல்லிசாகத்தான் வரும். பாதிப் பாட்டில் ரோட்டிலிருந்து கூச்சல்.

"தம்பி! சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா?"

"வாசிச்சுக்கிட்டுதான் இருக்கேங்க!"

"இது சிறுத்தைக்கு எங்க கேக்கும்? பழைய மாதிரி ஊதுங்க!"

அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பயந்து நிற்பவர்களுக்குப் பாட்டு எதற்கு? எல்லாத் துளைகளையும் சேர்த்து வாய் வலிக்க ஊதினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அதன் பிறகு அவர்கள் முன்னால் அந்தப் பாட்டை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் மேல் மலைக்குக் கவ்வாத்து வந்தது. ஆண்கள் கத்தியோடு வந்து செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். இலை இல்லாத கட்டைகளுக்கு நடுவே ஒரு முயல்கூட ஒளிய முடியாது. கொழுந்தெடுக்கிறவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்கு மாற்றினார்கள். அது திறந்த இடம், அங்கே பயமில்லை. எனக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியதுமில்லை.

இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். சுற்றிலும் வெட்டுப்பட்ட கட்டைகள். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்து முடித்தேன்.

நிமிர்ந்தபோது வாலைப் பார்த்த அக்கா கீழே நின்றுகொண்டிருந்தார். விறகுக்கு மிலாறு பொறுக்க வந்திருக்கிறார். வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள் ஒரு பெரிய கட்டாக அவர் தலையில் இருந்தன.

"சிறுத்ததான் போயிருச்சே தம்பி, இப்ப யாருக்கு ஊதுறீங்க?"

"சும்மாதாங்க்கா."

தலையிலிருந்த கட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன, கோயில் பாட்டா?"

"ஆமாங்க்கா" என்றேன்.

அவர் இறங்கிப் போனார். தலையில் கட்டோடு திரும்பிப் பார்க்க முடியாது. ரோட்டு வளைவில் மறையும்வரை அது கோயில் பாட்டாகவே இருக்கட்டும் என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.