துறையில் சொன்ன பொய்

இந்தத் தவக்காலத்தில் என் தம்பி மாதா கோயிலில் முழந்தாளில் நின்று விம்மி விம்மி அழுதான். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வாவியில் பின்னேரம் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், விடியத்தான் எடுப்பார்கள். இரவெல்லாம் வலை ஆளில்லாமல் கிடக்கும். அதனால் அடுத்தவன் வலையில் கைவைத்தவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்தால், பிறகு அவனோடு எவனும் தோணி ஏறமாட்டான். போன மாரியில் தம்பியின் வலையைக் கிழித்து யாரோ மீனை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் வலை போட்டிருந்தவர் என் கணவர். மீன் ஏலம் போகும் துறையில், அத்தனை பேர் முன்னாலும், "அத்தானாம் அத்தான்! கள்ளன்!" என்று தம்பி கத்தினான். இவர் வாயே திறக்கவில்லை. அதையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

இவரோடு தோணியில் கூடப்போன ஆள் மறுநாளே விலகிவிட்டார். தனியே தோணியும் தள்ளி வலையும் இழுக்க முடியுமா? இவர் தோட்டங்களில் தேங்காய் உரிக்கப் போனார். நான் செபம் சொல்லும்போது பிறரை மன்னிக்கிற அந்த வரியை விழுங்கிவிடுவேன். அதை மட்டும் என்னிடம் கேட்காதையும் ஆண்டவரே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

தவக்காலத்தில் ஒரு காலை தம்பியின் வலையில் நீர்நாய் ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. வலை முன்போலவே கிழிந்திருந்தது. அன்றைக்குத்தான் பாவசங்கீர்த்தனம் செய்து கோயிலில் அந்த அழுகை அழுதான். பிறகு என் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, ஃபாதரிட்ட எல்லாம் சொல்லிப்போட்டன். ஆண்டவர் மன்னிச்சிருப்பார்."

"மன்னிப்பார். அவருக்கென்ன, அவரையா கள்ளன் எண்டாய்?"

"அத்தானிட்டயும் கேக்கத்தான் வந்தன். கூப்பிடு."

"துறையில கொட்டினத என்ட அடுப்படியிலயா வந்து அள்ளப்போறாய்?"

அவன் முகம் செத்துப்போனது. "அங்க போய்ச் சொன்னா எனக்கு என்ன மரியாதை இருக்கும் அக்கா?"

"அவருக்கு இப்ப இருக்கிற மரியாதைதான்."

நான் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போனான். அதற்குப் பிறகு பூசையில் நன்மை அப்பம் வாங்கவும், பாவம் தீராதவன்போல, எழும்பவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் துறைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். மீன்பிடிக்காரன் பெண்சாதி காசு கொடுத்து மீன் வாங்குகிற வெட்கம் இருக்கிறதே! எல்லோரும் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி விலை கூறிக்கொண்டிருந்தார். தம்பி நடுவில் வந்து நின்றான்.

"நானா, கொஞ்சம் நிப்பாட்டுங்க." எல்லோரும் திரும்பினார்கள். "என்ட வலையைக் கிழிச்சது நீர்நாய். அத்தான் ஒண்டும் செய்யல்ல. நான் காணாத ஒண்டக் கண்ட மாதிரி இந்த இடத்தில வெச்சுச் சொன்னன். பொய் சொன்னன்."

அன்று அவன் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "நாய்க்கும் அத்தானுக்கும் வித்தியாசம் தெரியாதவனோட எவன் தோணி ஏறுற?" என்று ஒருவன் சிரித்தான். தம்பியோடு போகிற ஆள் அப்போதே தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு தோணிக்கு நடந்தான்.

மறுநாள் விடிய இவர் மூலையில் சாத்தியிருந்த தோணிக்கம்பை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"மச்சானுக்கு ஆள் இல்லையாம். போயிட்டு வாறன்."

யாருக்காக இத்தனை நாள் அந்தக் கோபத்தைச் சுமந்தேனோ, அவரே போய்விட்டார். நான் வாசலில் நின்று செபத்தைத் தொடங்கினேன். அந்த வரி வந்தது. பாதிதான் சொல்ல முடிந்தது.