நான் கொல்லப் பார்த்த காட்டேரி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூலை மாதம், டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. ஹட்டன் டவுனில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். எங்கள் குடும்பத்துக்கு அப்பா காலத்திலிருந்தே பஜாரில் புடவைக் கடை. அண்ணன்மார் கடையில் நிற்க, நான் மட்டும் கெமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நூறு வருடத்துக்கும் முன்பே ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நாவல். மலை உச்சியில் கோட்டை கட்டி வாழும் பிரபு ஒருவன், கப்பல் ஏறிப் போய் ஊராரின் இரத்தத்தைக் குடிப்பான். பெயரைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்து எடுத்த படங்களில் பதினொன்றைப் பார்த்திருக்கிறேன். பேச்சே இல்லாத பழைய கறுப்பு வெள்ளைப் படம், தலைமுடியை எண்ணெய் வைத்து வாரிய பிரபு வரும் படம், இரத்தம் தக்காளிச் சாறு போல ஓடும் கலர் படம், பிரபுவைக் காதல் மன்னனாக்கிவிட்ட படம், போனில் பார்த்த தொடர் என்று எதையும் விட்டதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் கூட, எந்தப் படத்தில் பிரபுவின் பல் சரியில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் எடுப்பேன். அவர் பாவம், பாயசத்தோடு எழுந்து போய்விடுவார்.

ஒவ்வொரு நாட்டுக்காரனும் அந்தப் பிரபுவைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும்போது நம் மலைநாட்டுக்கு மட்டும் ஏன் கொண்டுவரக் கூடாது என்று தோன்றியது. கோட்டைக்குப் பதிலாக, மலை மேல் பாழடைந்து கிடக்கும் தொரை பங்களா. பிரபுவுக்குப் பதிலாக, செத்தும் சாகாத ஒரு வெள்ளைக்காரத் தொரை. இருபது நிமிடக் குறும்படம். கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்புவதாகத் திட்டம். தோட்டத்து மெனேஜரைப் பிடித்துக் கெஞ்சி, பூட்டிக் கிடந்த பங்களாவை மூன்று நாளைக்கு மட்டும் வாங்கினேன்.

தொரையாக நடித்தது டவுனில் பேன்சிக் கடை வைத்திருக்கும் என் நண்பன். ஆறடி உயரம், ஆனால் கருவாட்டுக்குக் கூடப் பயப்படும் சுபாவம். தொரையைக் கொல்லும் கதாநாயகனாக, அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்யும் ஒருவரைப் போட்டேன். மாசி மாதம் காமன் கூத்தில் அவர் மன்மதனாக ஆடியதைப் பார்த்து அசந்து போயிருந்தேன். கண்ணாலேயே பேசுவார். அவருடைய மனைவி கொழுந்து பறிப்பவர், அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தப் பெண்தான் மூன்று நாளும் எங்களுக்கு ரொட்டி சுட்டு, சம்பலும் இடித்து எடுத்துக்கொண்டு மெதுவாக மேட்டில் ஏறி வருவார்.

மூன்றாம் நாள் பின்னேரம். கடைசிக் காட்சி. நான் கேட்டபடியே மிஸ்ட் இறங்கி, பங்களா முழுவதும் வெள்ளையாகிவிட்டது. சவப்பெட்டிக்குள் தொரை படுத்திருக்கிறான். கதாநாயகன் கொய்யாக் கட்டையைக் கூராகச் சீவிய ஆப்பை அவன் நெஞ்சில் வைத்து, சுத்தியலால் அடிக்க வேண்டும். அதுவரை வசனங்களில் "அவன்" என்றுதான் எழுதியிருந்தேன். எனக்கு அது சப்பென்று பட்டது. டி.வி.யில் தமிழில் டப் செய்து போட்ட படங்களில் எல்லாம் என்ன சொல்கிறார்கள்? இரத்தக் காட்டேரி. அதனால் அந்த இடத்திலேயே வசனத்தை மாற்றினேன். "காட்டேரியே, இன்றோடு உன் கதை முடிந்தது!" என்று சொல்லி ஆப்பை இறக்கும்படி சொன்னேன். படத்துக்கும் அதையே தலைப்பாக வைக்கப் போவதாகப் பெருமையாக அறிவித்தேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். முதல் டேக்கிலேயே உதடு துடிக்க, கண் கலங்க, குரல் உடைய, அப்படி ஒரு நடிப்பு! நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டு, பக்கத்திலிருந்து இன்னொரு முறை எடுக்கலாம் என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். கதவருகே நின்ற அவர் மனைவி, சாப்பாட்டுக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மேட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னாச்சு? மிஸ்ட் கலையிறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றேன்.

"என்னால முடியாது சார்."

"என்ன முடியாது? இது வெறும் படங்க. நீங்க இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?"

இதை நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. "சார், காட்டேரி எங்க வூட்டு சாமி. வர்ற வெள்ளிக்கெழம என் சம்சாரத்துக்கு அவ பூசதான் போடப் போறோம். நீங்க என் கையில ஆப்பக் குடுத்து, அவ நெஞ்சுலயே அடிக்கச் சொல்லிட்டீங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் இறங்கிப் போய்விட்டார். சவப்பெட்டிக்குள்ளிருந்து என் நண்பன் தலையைத் தூக்கி, எழும்பலாமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன். ஒரு சொல்லுக்காக என் படம் நின்றுவிட்டது, இந்தச் சனத்தைத் திருத்தவே முடியாது என்று என்னென்னவோ சொன்னேன். என் மனைவி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"நம்ம மூத்தவ வயித்துல இருந்தப்ப, ஏழாம் மாசம் நா எங்க வூட்டுல போயி மூணு நாளு இருந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அம்மாவுக்குக் கால் வலின்னு சொன்னியே."

"அம்மாவுக்குக் காலும் வலிக்கல, கையும் வலிக்கல. எனக்குக் காட்டேரி பூச போட்டாங்க. ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

அது என்ன பூசை என்று கேட்டேன். அவள்தான் சொன்னாள். தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளுக்குக் காட்டேரியை நினைத்தால் பயம்தான். கவனிக்காமல் விட்டால் பிள்ளையை எடுத்துக்கொள்வாள் என்பார்கள். ஆனால் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் படைத்துக் கும்பிட்டுவிட்டால், பிள்ளை பிறக்கும்வரை அவளே காவலுக்கு நிற்பாளாம். என் மகளுக்குக் காவல் நின்றவளை நான் ஆப்பு வைத்துக் கொல்ல, கெமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மலையகத்தான் என்று மேடையில் மார் தட்டுகிறவன், ஹட்டனிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் யாரைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை தனியாகப் போனேன். த்ரீவீல் பாதி தூரம்தான் போனது. மீதியைத் தேயிலைக்கு நடுவே மழையில் நடந்து, அவர்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கணவர் ஃபெக்டரியில் இருந்தார். அந்தப் பெண் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரவு தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு மர வாங்கை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க தங்கச்சி, தெரியாமப் பண்ணிட்டேன். கோவப்படாதீங்க" என்றேன்.

"கோவம் இல்லீங்க சார், பயம். இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. ஏழு மாசம் வரைக்கும் நின்னது இது ஒண்ணுதான். நேத்து பின்னேரத்துலருந்து புள்ள சரியாவே அசையல. அவரு வாயாலேயே அந்த மாதிரி வந்துருச்சே."

உடனே கிளினிக்குக்குப் போகலாம் என்று எழுந்தேன். காலையிலேயே போய் வந்துவிட்டதாகவும், பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னதாகவும் சொன்னார். அப்படியும் மனம் ஆறவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்பு அந்தக் காட்சியை அழித்துவிட வேண்டும்.

என் வாழ்நாளில் நான் எடுத்ததிலேயே சிறந்த காட்சி அது. பங்களாவுக்குத் தந்த மூன்று நாளும் முடிந்துவிட்டன, திரும்ப எடுக்கவும் வழியில்லை. மெதுவாகப் பேரம் பேசிப் பார்த்தேன்.

"குரலை மட்டும் எடுத்துட்டு வேற வசனம் போட்டுர்றேனே. அந்தச் சொல்லே இருக்காது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வாய் அசையுமில்ல சார்?"

பையிலிருந்து கெமராவை எடுத்தேன். ஆம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டுப் போயிருக்கலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. காட்சியை அவருக்கு முன்னாலேயே திரையில் காட்டி, அவர் விரலாலேயே அழிக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். எனக்கும் என்னவோ ஒரு பாரம் இறங்கியது, அழவும் வேண்டும் போல இருந்தது.

பிளேன்டி குடித்துவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தேன், என் வெள்ளைச் சொக்ஸ் முழுவதும் சிவப்பு. இழுத்துப் பார்த்தால், கணுக்காலில் கட்டை விரல் தடிப்பில் ஒரு அட்டை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. பதினொரு படத்தில் இரத்தம் குடிப்பதைக் கண் இமைக்காமல் பார்த்தவன், ஒரு அட்டைக்கு வாங்கின் மேல் ஏறி நின்றேன். அந்தப் பெண் முந்தின நாள் பின்னேரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் உப்பு எடுத்து வந்து தூவினார். அட்டை சுருண்டு விழுந்தது.

"சத்தமில்லாம ஏறும், வலிக்காமக் குடிக்கும். நாம பாக்குறப்ப அதோட வயிறு ரொம்பியிருக்கும்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஒங்க தொரையும் இதையேதானே சார் பண்றாரு? அவருக்கு எதுக்கு எங்க ஆத்தா பேரு? அட்டைத் தொரைன்னு வைங்களேன்."

நான் வாங்கின் மேல் நின்றபடியே அவரைப் பார்த்தேன். அட்டைத் தொரை! எத்தனை பேர் எத்தனை நாட்டில் எடுத்தார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. தொரை நம் ஊர் அட்டை என்றால் ஆப்பு எதற்கு, பங்களா எதற்கு, சவப்பெட்டிதான் எதற்கு? அங்கேயே உட்கார்ந்து, காலில் இரத்தம் வழிய வழிய, கடைசிக் காட்சியை அவரிடம் கேட்டுக் கேட்டு மாற்றி எழுதினேன். என்னை விட அவருக்குக் கதை நன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை பூசை நல்லபடியாக முடிந்தது. என் மனைவி போய் அவர்களோடு நின்று சமைத்துக் கொடுத்தாள். அடுத்து வந்த பௌர்ணமிப் போயா லீவு நாளில், தேயிலை மலையில் படம்பிடித்தோம். கறுப்புக் கோட்டுப் போட்ட அட்டைத் தொரை மிஸ்டுக்குள்ளிருந்து இறங்கி வருவான். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் ஓட மாட்டார்கள். ஒவ்வொருத்தியும் மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுப்பாள். தொரை சுருண்டு சுருண்டு தேயிலைச் செடிக்கு நடுவே விழுவான். நிஜமான அட்டைகள் இரண்டு அவன் கழுத்தில் ஏறியதால், என் நண்பன் சுருண்டது முழுவதும் நடிப்பு என்று சொல்ல முடியாது. மன்மத நடிகர் அவனுக்கு மேலே நின்று, "ரொம்பிருச்சா தொர?" என்று மட்டும் கேட்பார். சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷமான நாளை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் எடுத்ததில்லை.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை, பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ் வந்தது. உப்பு எதற்கு என்று ஒரு நடுவருக்குப் புரியவே இல்லையாம். தோட்டத்து மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டியபோது, யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்புக் காட்சியை மூன்று தரம் போடச் சொன்னார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். பேர் வைக்கும் நாளுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு, என் வாயில் நுழையாத ஒரு புதுப் பெயர். வீட்டில் கூப்பிட, சாமிக்கு நேர்ந்துகொண்ட பெயர். குழந்தை மார்பில் முகத்தைப் புதைத்து விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதன் தலையைத் தடவி, "போதும்டி என் காட்டேரி, அம்மாவக் கொஞ்சம் மிச்சம் வையிடி" என்றார்.

பதினொரு படங்கள் எனக்குக் கற்றுத் தந்த பயங்கரமான சொல் அது. அதைவிட அன்பாக ஒரு பெண் தன் பிள்ளையைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இன்றைக்கும் ஒரு வசனம் எழுத உட்கார்ந்தால், இந்தச் சொல்லுக்கு எந்த வீட்டில் எந்தக் குழந்தை திரும்பிப் பார்க்குமோ என்று ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.