படையல் இலையில் ஒரு பீடிக்கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், கடப்பாக்கத்தில் ஒரு வீட்டு மதில் சுவர் ஓரமாக மொத்தக் குடும்பமும் நானும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். எதற்கு? ஒரு காக்காய்க்காக. காக்காய் வந்து படையல் சோற்றைத் தொட்டால்தான் எங்களுக்கு இலை போடுவார்கள். நான் விருந்தாளி. நல்ல பசி. காக்காயோ வருகிற வழியைக் காணோம்...

"பீடி வெக்காம படையல் போட்டா எப்டி வருவாரு?" என்று அந்த வீட்டு அம்மா புலம்ப ஆரம்பித்தார். எல்லோரும் திரும்பி மலர்விழியை முறைத்தார்கள்.

இருங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மலர்விழி அந்த அம்மாவின் மகள். செங்கல்பட்டில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கிறாள். தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். அவள் விசில் அடித்தால் எங்கள் தெரு நாய்கூட வரிசையில் நிற்கும். போன வருடம் ஸ்போர்ட்ஸ் டே ரிகர்சலில் திடீரென்று விசில் ஊத மூச்சு போதவில்லை. விடாத இருமல், எக்ஸ்ரே, ஸ்கேன்... கடைசியில் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள்.

வாழ்க்கையில் ஒரு தடவைகூட சிகரெட்டைத் தொடாதவளுக்கு! கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் செய்து நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிழைத்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் குடும்பக் கதையைக் கேட்டார். மலர்விழியின் அப்பா போனதும் அதே நோயில்தான். சித்தப்பாவும் அப்படியே. இருவரும் பீடி. டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் செல்களில் இருக்கும் டி.என்.ஏ. தினமும் அடிபடுகிறது, புகை பட்டால் இன்னும் அதிகமாக. அதைச் சரிசெய்யும் ரிப்பேர் வேலையும் உள்ளேயே நடக்கிறது. அந்த வேலையைப் பார்க்கும் ஜீன்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கொஞ்சம் மந்தமானது அப்பா அம்மாவிடமிருந்து வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம்.

"உங்க குடும்பத்துல அதுதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல வீட்ல சுவாசிச்ச பீடிப் புகையும் காரணமா இருக்கலாம். ஆனா உங்க வீட்ல இனிமே யாரும் புகைபிடிக்கவே கூடாது" என்று முடித்தார்.

பக்கத்தில் நின்றிருந்தவன் சேகர், மலர்விழியின் தம்பி. நாவலூரில் ஐ.டி. கம்பெனி ஆட்களுக்கு வேன் ஓட்டுகிறான். சட்டைப் பையில் எப்போதும் சிகரெட் பாக்கெட் இருக்கும். ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "எங்கக்கா பொழச்சி வந்தா வுட்டுர்றேன்" என்று வேண்டிக்கொண்டவனும் அவன்தான். டாக்டர் பேசி முடித்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி!

வெளியே வந்ததும் சொன்னான். "ரத்தத்துலயே கீதுன்னு டாக்டரே சொல்ட்டாரு. அப்பால நான் வுட்டு இன்னா ஆவப்போவுது? அக்கா இன்னா தம்மா அடிச்சிது?"

அறிவியலை இவ்வளவு வேகமாகத் தலையெழுத்தாக மாற்றிய இன்னொருவனை நான் பார்த்ததில்லை. சரி, நாம் மட்டும் என்ன லேசா? தொண்ணூறு வயது வரை சுருட்டு குடித்த தாத்தா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் நமக்கும் ஆகாது — இது ஒரு சாக்கு. நமக்கு எப்படியும் வரத்தான் போகிறது — இது இன்னொரு சாக்கு. ஆக, ஜீன் எப்படி இருந்தாலும் நாம் பற்ற வைப்பது மட்டும் நிற்காது.

மலர்விழி விடுகிற ஆள் இல்லை.

"டேய், உன் வண்டில ஸ்டெப்னி சரியில்லன்னு வெச்சிக்கோ. ஆணி கொட்டிக் கெடக்குற ரோட்ல வண்டிய வுடுவியா?"

"இன்னாக்கா பேசற... எவனாவது வுடுவானா?"

"அப்ப நீ மட்டும் எதுக்குடா தெனம் வுட்டுகினு கீற?"

அப்படியும் சிகரெட் நிற்கவில்லை.

இப்போது படையலுக்கு வருவோம். அப்பாவின் நினைவு நாளில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது அவர்கள் வழக்கம். மீன் குழம்பு, உளுந்து வடை, கூடவே ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும். கற்பூரம் காட்டி முடித்ததும் அந்தக் கட்டு மகனுக்கு. அப்பாவை நினைத்துக்கொண்டு அவன் ஒன்றை இழுக்க வேண்டுமாம். பிரசாதம்! மனிதரை எது கொண்டுபோனதோ அதையே அவர் படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு மகன் கையில் கொடுக்கிறார்கள். அதையும் பாசத்தோடுதான் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறை கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே மலர்விழி குனிந்து பீடிக்கட்டை எடுத்துவிட்டாள்.

"அடியே, உங்க நைனா வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது?" என்று அம்மா பதறினார்.

"நான் சொல்லிக்கிறேம்மா. அவரு கீற எடத்து வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தவ நான்தான்."

சேகர் மதில் மேல் சோறும் வடையும் வைத்தான். கா கா என்று கூப்பிட்டான். எங்கே வந்தது? கடற்கரைப் பக்கம் மீன் காயவைத்திருந்தார்கள், ஊர்க் காக்காய் அத்தனையும் அங்கேதான் இருந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு அப்படித் தோன்றுமா?

"கோவம்டி அவருக்கு. ஒண்ணே ஒண்ணு வெய்யி..."

"வெக்க மாட்டேன். காக்கா வரலன்னா இன்னிக்கு யாரும் சாப்பிட வேணாம்."

என் வயிறு என்னைக் கேட்காமலேயே சத்தம் போட்டது. ஆனாலும் நான் அவள் பக்கம்தான்.

வெயில் ஏறியது. மலர்விழிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த விலாப் பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள். நிழலுக்கு வா என்று கூப்பிட்டால் வரவில்லை. சேகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்தான். சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நைனா... என் பங்கையும் நீயே வெச்சிக்க. எனக்கு வோணாம். எங்கக்காவ வெயில்ல நிக்க வெக்காத, வந்துடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு காக்காய் வந்தது. தலையைச் சாய்த்து பாக்கெட்டை ஒரு பார்வை பார்த்தது. வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "டேய் சேகரு... உங்க நைனாவே வுட்டுட்டாருடா!"

மலர்விழி அந்தப் பாக்கெட்டைப் பீடிக்கட்டோடு சேர்த்துத் தண்ணீர் வாளியில் முக்கினாள். அப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு.

நேற்று சேகர் போன் செய்தான். சிகரெட்டை விட உதவும் மாத்திரை வாங்கியிருக்கிறான். கவுன்சலிங் போகிறான். "பேஜாரா கீதுக்கா. எல்லார் மேலயும் எரிஞ்சி எரிஞ்சி வுழுறேன். ஆனா தொட மாட்டேன்" என்றான். நம்புகிறேன். தடுமாறினால் தூக்கி நிறுத்த அவன் அக்கா விசிலோடு நிற்கிறாள்.

செத்துப்போனவரே விட்டுவிட்டார்... உயிரோடு இருக்கிற உங்களுக்கு என்ன கேடு?