நசுங்கிய டம்ளர்கள்

காபி ஆறிப்போயிருந்தது. டம்ளரைச் சுவரில் வீசிவிட்டேன். அது தரையில் விழுந்து சுழன்று அடங்கிய சத்தத்தில் இந்த ஒத்தக்கடை வீடு மறைந்து நான் வளர்ந்த வாடிப்பட்டி வீடு வந்துவிட்டது.

அங்கே வீசுவது அப்பா. எங்கள் வீட்டில் நசுங்காத டம்ளர் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா பேசாமல் துணியெடுத்துத் துடைப்பாள். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் நான் சிலேட்டை எறிந்தபோது மட்டும் அப்பாவின் தங்கை, என் அத்தை, "எந்த ரத்தமோ, இந்த ஆட்டம் ஆடுது" என்றாள். நான் கைக்குழந்தையாகத் தத்து வந்தவள். அப்பாவும் ஆமென்று தலையாட்டினார், கையில் நசுங்கிய டம்ளரோடு. முப்பது வருடமாகியும் அந்தத் தலையாட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைப் பெற்றவள் யாரென்றே தெரியாது. பழியை மட்டும் அவள்மேல் போட்டுவிட்டார்கள்.

இன்று ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மறுபடி அதையே முணுமுணுத்தாள். "எந்த ரத்தமோ."

"ரத்தமில்ல அத்தை. ஒங்க அண்ணன்கிட்டப் படிச்சது" என்றேன்.

திரும்பினால், என் ஏழு வயது மகள் துணியெடுத்து வந்து துடைத்துக்கொண்டிருந்தாள், என் அம்மாவைப் போலவே, பேசாமல்.