பீரங்கியாரும் போன்காரரும்

குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்றால் பீரங்கியார் வாயை ‘ஆ’வென்று திறந்து வைத்துக்கொள்வார். வெடிச் சத்தத்தில் காதுச் சவ்வு கிழியாமலிருக்கப் பட்டாளத்தில் பழக்கிவிட்டது. கதவு அறைந்தாலும் பேரன் தும்மினாலும் அதே ‘ஆ’தான். “மூடுங்க, ஈ பூந்துடப் போவுது” என்பாள் அவர் மனைவி. அவள் என் சித்தி மகள், எனக்குத் தங்கை. இத்தனைக்கும் அவருடைய இடது காது போய்ப் பல காலமாகிறது. அந்த வீட்டில் “உப்பு வேணுமா?” என்று கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் உப்பைப் பொட்டலம் கட்டிவிடுவார்.

ஓய்வு பெற்ற பின்னும் அவருக்குப் பட்டாளத்திலேதான் வேலை. முகாமுக்குள் இருக்கும் நினைவுக்கூடத்தைக் காலையில் திறந்து பெருக்குவார், மாலையில் பூட்டுவார். கோவேறு கழுதைகள் பீரங்கி இழுத்த காலத்துச் சேணம், லாரி வந்த காலத்துப் படங்கள், ஒரு கிழிந்த கொடி. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம்: “எத்தனை பேரைக் கொன்னீங்க?”

“யாருக்குத் தெரியும்? மலைக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் போட்டோம். நான் பாத்ததெல்லாம் பீரங்கியோட பின்பக்கம்தான்” என்பார். கழுதைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உற்சாகம் வரும்.

அந்தப் பட்டாளத்தின் பெயர் நிற்பதே ஒரு நாளால்தான். மலைமேல் மாட்டிக்கொண்ட காலாட்படை இறங்கித் தப்பும்வரை அதன் பீரங்கிகள் ஓயாமல் சுட்டன. அன்றுதான் இவருடைய பீரங்கியின் குழல் வெடித்தது. இவர் குண்டு எடுத்துவரப் போயிருந்தார். கூட நின்ற மூவரும் அங்கேயே முடிந்தார்கள்.

வாசலில் உள்ள நினைவுக்கல்லில் அந்த மூவர் பெயரும் கிடையாது. எதிரியால் செத்தவர்களுக்கும், தெரிந்தே பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கும்தான் கல். குழல் வெடித்தது விபத்தாம். புது அதிகாரி வரும்போதெல்லாம் இவர் போய் நிற்பார். “பாக்கலாம்” என்பார் அதிகாரி. பார்ப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடும். முன்பெல்லாம் மத்தியானம் முழுக்கச் சொன்ன கதை, தேய்ந்து தேய்ந்து இப்போது ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

இந்த மாதத்தோடு பட்டாளத்தை இன்னொன்றோடு சேர்க்கிறார்கள். எண்ணும் கொடியும் போய்விடும். அப்புறம் அந்தக் கல்லில் உளி படாது.

கடைசிக் கூடுகைக்கு அவருடைய நண்பரும் வந்திருந்தார். அன்று மலைமேல் காலாட்படையின் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இவருக்கு ஒரு காது, அவருக்கு ஒரு கண். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு சாலையைத் தாண்ட முடியும்.

பீரங்கியார் மனைவியிடம் மட்டும் சொன்னது ஒன்று உண்டு. குழல் சூடேறினால் சுடுவதை நிறுத்தி ஆறவிட வேண்டும். அன்று நிறுத்தத்தான் இருந்தார்கள். “நிறுத்தாதீங்க, நிறுத்தினா செத்தோம்” என்று போனில் ஒரு குரல் அழுதது. நிறுத்தவில்லை. தான் அழுதது நண்பருக்கு நினைவிருக்கிறது. அதன் விலைதான் தெரியாது. இரும்பு சரியில்லை என்று இவர் சொல்லிவைத்ததையே நம்புகிறார். (பத்திரிகையில் அவர் குறுக்கெழுத்துக் கட்டத்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

“இன்னைக்காவது உண்மையைச் சொல்லித் தொலைங்களேன். அந்த மூணு பேருக்கும் இதை விட்டா வேற நாள் ஏது?” என்று காலையில் மனைவி கேட்டாள்.

“பாக்கலாம்” என்றார், அதிகாரிகளைப் போலவே.

அதிகாரியின் அறைக்கு நண்பரும் கூடவே போனார், சாட்சி சொல்ல. என் தங்கை பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டார்.

“ஐயா, நான் கையெழுத்துப் போட்டா உடனே கல்லுல பேரை வெட்டிடலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சூடேறினது தெரிஞ்சேதான் சுட்டாங்களா, இல்ல இரும்புல கோளாறா?”

“சொல்லுடா, பயந்துக்கிட்டு நிக்காத” என்று நண்பர் முழங்கையால் இடித்தார். “சார், அன்னைக்கு இவங்க மட்டும் சுடலன்னா நான் ஏது, என் புள்ளைங்க ஏது?”

பீரங்கியார் ஜன்னல் வழியே கல்லைப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

“இரும்பு சரியில்ல சார்.”

அதிகாரி பேனாவை மூடினார்.

வெளியே படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நண்பரின் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பீரங்கியார் அவரைச் சுவரோரமாக நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றினார். பிறகு கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.